வரி நமது; வாசல் யாருடையது?

வீட்டு வரி ரூபாய்க்கு 10 காசு நூலக வரி! ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிறார். வாடகை வழியே குடியிருப்பவரும் கட்டுகிறார். 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம் செய்த ஏற்பாடு இது. சீர்காழி தந்த செல்வர் அரங்கநாதன் அதற்காக ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார்.

வரி கட்டும் தோழரே, அந்த வாசலை மிதித்ததுண்டா?

"நமக்கேது நேரம்?" என்பீர். தேநீர்க் கடையிலே, முடிதிருத்தகத்திலே ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் கேட்டுத் தெளிந்தார்களே, அவர்களுக்கு மட்டும் நேரம் மிஞ்சியா கிடந்தது?

ஆலை விட்டுத் திரும்பும் வேளையில் நூலகம் பூட்டிக் கிடந்தால், திறந்து வை என்று கேட்போம். திறந்திருந்தால் உள்ளே நுழைவோம். நாம் தொடாத புத்தகம் கரையானுக்குத்தான் விருந்து!