சேலை கட்டினாலே சிரிப்பா?

புனேயின் ஜங்லி மகாராஜ் சாலையில் 1968இல் திறக்கப்பட்ட நாடக அரங்கு, பாலகந்தர்வரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பாலகந்தர்வர் (1888–1967) மேடை வாழ்வின் பெரும்பகுதியைப் பெண்வேடத்தில் கழித்தவர். அவர் சேலை உடுத்திய பாங்கைக் குடும்பப் பெண்கள் பார்த்துப் பின்பற்றினர். தமிழ் மேடையிலும் ஒளவையாராக நடித்த டி. கே. சண்முகத்துக்கு அவ்வேடமே பெயரின் முன்னொட்டாயிற்று. அவர்கள் உடுத்திய சேலை நகைப்புக்குரிய பொருளாக இருக்கவில்லை. இன்றைய தொலைக்காட்சியிலோ, ஓர் ஆண் சேலையுடன் நுழைந்தாலே போதும். வசனம் தொடங்குமுன் சிரிப்பொலி எழுந்துவிடுகிறது.

உடல்வழி நகைச்சுவையை இழிவென ஒதுக்குவது மேட்டிமை. ஸ்லாப்ஸ்டிக் என்ற சொல்லே ஒரு மரக்கருவியின் பெயர். இத்தாலிய நகைச்சுவைக் கூத்தர்கள் கையாண்ட அந்த இரட்டைப் பலகைத் தடி, அடித்தால் பேரோசை எழுப்பும், வலி தராது. மராத்தியில் ஒரு சொல்லும் அறியாமல் புனேக்குப் பிழைக்க வந்த தமிழரும், திரையில் ஒருவர் நாற்காலியோடு சரிந்தால் அண்டை வீட்டாரோடு சேர்ந்து சிரிக்க முடியும். மொழி எழுப்பிய சுவரை உடல் தாண்டுகிறது. அது சிறிய ஆற்றல் அன்று.

ஆனால் விழுதலுக்கு ஒரு முன்கதை வேண்டும். அமர முயன்றவர் விழ வேண்டும். மிடுக்காக நடந்தவர் வழுக்க வேண்டும். சாப்ளின் படங்களில் காவலர் இடறும்போது சிரிப்பு எழுவது, அவர் கையில் அதிகாரம் இருப்பதால். முயற்சியும் மிடுக்கும் இல்லாமல் உடை மட்டுமே இருக்கும் இடத்தில் எதுவும் நிகழ்வதில்லை. சுட்டிக்காட்ட ஓர் உடல் கிடைக்கிறது, அவ்வளவே.

தொல்காப்பியம் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. தடுக்கி விழுபவரைக் கண்டு எழும் சிரிப்புக்குப் பேதைமையோ மடனோ காரணமாகலாம். சேலையைக் கண்டதும் எழும் சிரிப்புக்கு எஞ்சுவது எள்ளல் ஒன்றே. எள்ளப்படுபவர் அந்த நடிகர் அல்லர். அவர் வேடத்தைக் கலைத்துவிட்டு வீடு திரும்பிவிடுவார். பருத்த பெண்ணும் கறுத்த பெண்ணும் திருநங்கையும் அதே சிரிப்பை மறுநாள் தெருவில் எதிர்கொள்கின்றனர்.

பெண்வேடம் மராட்டியத் தமாஷாவின் மரபன்றோ என்பர் சிலர். மரபுதான். தமாஷாவின் கவளண் பகுதியில் மாவ்ஷி என்னும் சிற்றன்னையாக ஆணே நடிப்பது வழக்கம். ஆனால் மாவ்ஷியின் வலிமை அவள் வாய். வழிமறிக்கும் கண்ணனிடமே வாதாடுபவள் அவள். மரபிலிருந்து உடையை மட்டும் உருவிக்கொண்டு வாயை விட்டுவிட்டவர்கள், மரபின் பெயரால் வாதிட உரிமையற்றவர்கள்.

ஜீ மராத்தியில் 2014இல் தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஓடிய ‘சலா ஹவா யேவூ த்யா’ இதற்குத் தானே சான்றளித்தது. பெண்வேடமும் மிகைநடிப்பும் மலிந்த அத்தொடரில் சாகர் காரண்டே புனே நகரத்துப் பெண்ணாக வந்தபோது, அவ்வேடத்தை நிறுத்தியது சேலையன்று. அந்நகரத்துக்கே உரிய குத்தல் பேச்சு. அதே நடிகர் அஞ்சல்காரராக வந்து, அரவிந்த் ஜக்தாப் எழுதிய கடிதங்களை வாசித்தார். ஓட்டமில்லை, விழுதலில்லை, ஒருவர் நின்று படித்தார். சற்றுமுன் சிரித்த அரங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. தடியோசையால் சொல்ல இயலாதவை உண்டு என்பதை அத்தொடரை ஆக்கியவர்களே அறிந்திருந்தனர்.

தமிழ்த் தொலைக்காட்சிகளின் நகைச்சுவை மேடைகள் இந்தப் பாடத்தைக் கற்கவில்லை. எழுத்தாளர் செய்ய வேண்டிய வேலையை ஒப்பனையாளரிடம் ஒப்படைத்துவிட்டு, ‘மக்கள் இதைத்தான் கேட்கிறார்கள்’ என்று பழியை மக்கள்மீது சுமத்துகின்றன. மராத்தி மக்கள் விழுதலைக் கண்டு சிரித்தார்கள். கடிதத்தையும் அமைதியாகக் கேட்டார்கள். தமிழ் மக்களுக்கு இதுவரை அந்தக் கடிதம் வாசிக்கப்படவே இல்லை.