பட்டுக்கு எந்த வீடியோ?

போளூரில் பட்டுச் சேலை விற்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் கம்ப்யூட்டர் வாங்கினார். வாங்கியதும் என்னிடம் கேட்டது இதுதான். "விளம்பர வீடியோவுக்கு ஸ்டுடியோக்காரர் பெரிய தொகை கேட்கிறார். வாடிக்கையாளர்கள் செல்போனில் எடுத்து அனுப்புவது சும்மாவே கிடைக்கிறது. அதுவே போதாதா சார்?"

போதும் என்பார்கள் சிலர். 2007-ல் அமெரிக்காவின் சூப்பர் பௌல் போட்டியில் டோரிடோஸ் சிப்ஸுக்காக ஒளிபரப்பான ஒரு விளம்பரம், ரசிகர்கள் சுமார் 12 டாலரில் எடுத்ததுதான். ஆனால் சிப்ஸ் வேறு, பட்டு வேறு. செல்போன் கேமரா ஒயிட் பேலன்ஸைத் தானாகவே மாற்றிக்கொள்ளும். குண்டு பல்பு வெளிச்சத்தில் அரக்கு நிறம் செங்கல் நிறமாகத் தெரியலாம். சேலை கைக்கு வந்ததும் "நிறம் வேறு" என்று திருப்பி அனுப்புவார்கள். கூரியர் செலவு கடைக்காரர் தலையில். கடைசியில் அவர் கை வைப்பது நெசவாளியின் கூலியில்! எனவே நிறம், பார்டர், முந்தி ஆகியவற்றைக் காட்டும் வீடியோவை மட்டும் ஸ்டுடியோக்காரரே எடுக்கட்டும்.

மற்றதற்கு நான் செல்போன் கட்சி. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு என்று சொன்னால் மட்டும் போதுமா? தறியில் நாடா ஓடுவதையும் சேலையின் உள்பக்கத்தையும் காட்டுங்கள். மாடல் அழகி அதைக் காட்ட மாட்டார்.

ஒரு எச்சரிக்கை. வாடிக்கையாளர் வீடியோவை அவரது அனுமதி பெற்றே போடுங்கள். சேலையை இலவசமாகக் கொடுத்துப் புகழச் சொன்னால், அது விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும். இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-ல் இன்ஃப்ளூயன்சர்களுக்கு வெளியிட்ட விதியும் இதுவே.

நண்பர் இப்போது தறியைப் படமெடுக்கக் கிளம்பிவிட்டார். ஸ்டுடியோக்காரரிடம் பேரம் இன்னும் முடியவில்லை.