மரத்தில் ஏறிக் கிளை கழிக்க எந்த மெஷின் ரம்பம் வாங்கலாம்?

கேள்வி: "கொல்லிமலையில் எங்களுக்கு 2 ஏக்கர் மிளகுத் தோட்டம் இருக்கிறது. சில்வர் ஓக் மரங்களில் கொடி ஏற்றியிருக்கிறோம். வருடா வருடம் மழைக்கு முன்பு கிளை கழிக்க வரும் மரமேறி அண்ணன், வயதாகிவிட்டதால் இனி ஏற முடியாது என்று சொல்லிவிட்டார். 22 வயது மகன், தானே ஏறிக்கொள்வதாகச் சொல்லி, மேலே கைப்பிடி வைத்த சின்ன மெஷின் ரம்பம் கேட்கிறான். ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அறுக்கலாம் என்று கடையில் சொன்னார்களாம். எனக்குப் பயமாக இருக்கிறது. வாங்கித் தரலாமா? எந்த மாதிரி வாங்குவது?"

- வாசகி, கொல்லிமலை, நாமக்கல் மாவட்டம்.

பதில்: இந்தத் தாயின் பயம் நியாயமானது. கடையில் சொன்ன விஷயம் தவறு. மேல்கைப்பிடி ரம்பத்தையும் இரண்டு கைகளாலும் பிடித்துத்தான் அறுக்க வேண்டும். கைப்பிடியை மேலே வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. கிளைகளுக்கு நடுவே இடம் குறைவு. பின்னால் நீளும் கைப்பிடி இல்லாததால், ரம்பம் உடம்புக்கு அருகிலேயே நிற்கும். இடுப்பில் தொங்கவிட்டு ஏறவும் வசதி. அந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு. இரண்டு கைப்பிடிகளும் நெருங்கி இருப்பதால், ரம்பம் துள்ளினால் அடக்கும் பிடிமானம் குறைவு.

துள்ளல் என்றால் என்ன? ஓடும் சங்கிலியின் நுனி, அதிலும் நுனியின் மேல்பாதி, இன்னொரு கிளையில் பட்டால் ரம்பம் கண் இமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எழும்பும். முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் தடுப்புத்தான் சங்கிலி பிரேக். ரம்பம் எழும்பும்போது இடது மணிக்கட்டு அதில் இடித்து, சங்கிலி நின்றுவிடும். துள்ளும் வேகத்திலேயே தானாக விழும் பிரேக்கும் இன்றைய ரம்பங்களில் உண்டு. ஆனாலும் இடது கை மரத்தைப் பிடித்திருந்தால், மணிக்கட்டு தரும் பாதுகாப்பு கிடையாது. அந்த இடது கையே சங்கிலியின் வழியில் இருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

முதலில் மெஷின் தேவையா என்று பார்க்கலாம். சில்வர் ஓக்கில் வருடா வருடம் கழிக்கும் கிளைகளில் பெரும்பாலானவை 2, 3 அங்குலப் பருமன்தான். இதற்கு 13 அங்குல வளைந்த கை ரம்பம் போதும். இழுக்கும்போது அறுக்கும் பல் உள்ளதாக, உறையோடு வாங்க வேண்டும். தாழ்ந்த கிளைகளை நீளக் கம்பில் பொருத்திய ரம்பத்தால் தரையில் நின்றே கழித்துவிடலாம். இரண்டு மூன்று வருடம் கழிக்காமல் விட்டுத் தடித்துப்போன கிளைகளுக்குத்தான் மெஷின் வேண்டியிருக்கும்.

மெஷின்தான் என்று முடிவானால், கவனிக்க வேண்டியவை:

எடை: மேல்கைப்பிடி பெட்ரோல் ரம்பங்கள் பெரும்பாலும் 25 முதல் 36 சி.சி. வரை இருக்கும். விளம்பரத்தில் போடும் எடை, பிளேடு, சங்கிலி, பெட்ரோல், ஆயில் சேராத எடை. எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கூடிவிடும். கடையிலேயே எல்லாம் பொருத்திய ரம்பத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

பிளேடு: 10 அல்லது 12 அங்குலம் போதும். நீளம் கூடினால், நுனி வேறு கிளையில் படும் வாய்ப்பும் கூடும்.

பாதுகாப்பு: சங்கிலி பிரேக் சரியாக விழ வேண்டும். ஆக்சிலேட்டரோடு சேர்த்து அழுத்தும் பூட்டு இருக்க வேண்டும். ஆக்சிலேட்டரை விட்டதும் சங்கிலி நின்றுவிட வேண்டும். பின்பக்கம் கயிறு மாட்ட வளையம் இருக்க வேண்டும்.

பெட்ரோல் கலவை: கையேட்டில் 50:1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில். 25:1 என்றிருந்தால் 40 மில்லி. சங்கிலிக்கு ஊற்றும் ஆயில் தனி.

பேட்டரி ரம்பம்: சத்தம் குறைவு, மரத்தில் நின்று கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் வேலை இல்லை. ஆனால் பட்டனைத் தொட்டதும் சங்கிலி ஓடும். சத்தமில்லை என்று அசட்டையாக இருக்கக் கூடாது. இன்னொரு பேட்டரி வாங்கினால்தான் வேலை தடைபடாது.

உதிரிபாகம்: சங்கிலி, ஏர் ஃபில்டர், அரம் ஆகியவை நாமக்கல்லிலோ சேலத்திலோ கிடைக்கும் மாடலாகப் பார்க்க வேண்டும். மழுங்கிய சங்கிலியை அழுத்தி அறுக்கும்போதுதான் கை தவறுகிறது.

விறகு துண்டு போடவும் இதே ரம்பம் ஆகும் என்று நினைக்க வேண்டாம். தரை வேலைக்குப் பின்கைப்பிடி ரம்பமே சரி. மேல்கைப்பிடி ரம்பம் மரத்தின் மேல், பழகியவர் கையில் மட்டும் இருக்க வேண்டும்.

மானியம் கிடைக்குமா என்பதை, வாங்கும் முன்பு வட்டார வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்க வேண்டும். வாங்கிவிட்டுப் பிறகு கேட்டால் பலனில்லை.

ரம்பத்துக்கு முன்னால் வாங்க வேண்டியது கயிறும் பெல்ட்டும். இடுப்பின் இருபுறமும் வளையம் உள்ள மரமேறும் பெல்ட், மேலே கவட்டையில் போட்டு உடம்பைத் தாங்கும் கயிறு, மரத்தைச் சுற்றிப் போட உள்ளே எஃகுக் கம்பி ஓடும் இன்னொரு கயிறு ஆகியவை வேண்டும். அறுக்கும் நேரத்தில் இரண்டு கட்டும் இருந்தால்தான் இரண்டு கையும் ரம்பத்துக்குக் கிடைக்கும். வெறும் நைலான் கயிற்றைச் சங்கிலி ஒரு நொடியில் அறுத்துவிடும். எஃகுக் கம்பி உள்ள கயிறும் அறுபடாது என்று நம்பி அஜாக்கிரதையாக இருக்கக் கூடாது. தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பான், சங்கிலி பட்டால் சிக்கி நிறுத்தும் பாதுகாப்புப் பேன்ட் ஆகியவையும் செலவுக் கணக்கில் சேர வேண்டும்.

மிளகு பறிக்கும் ஒற்றை மூங்கில் ஏணியில் நின்று மெஷின் ரம்பத்தை இயக்கவே கூடாது. விழும் கிளை ஆடி வந்து ஏணியைத் தட்டிவிடும்.

ரம்பத்தைத் தரையில் ஸ்டார்ட் செய்து சூடாக்கி, நிறுத்தி, கயிற்றில் மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். தோள் உயரத்துக்கு மேல் அறுக்கக் கூடாது. தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, முதலில் கிளையின் அடிப்பக்கம் கால் பங்கு அறுக்க வேண்டும். பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால், பட்டை உரியாமல் கிளை விழும். பட்டை உரிந்தால் மரத்தோடு மிளகுக் கொடிக்கும் சேதம். மிச்சமுள்ள முளையைத் தண்டை ஒட்டிய தடிப்பு வளையத்துக்கு வெளியே அறுத்துவிட வேண்டும். ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் எஞ்சினை நிறுத்தி, பிரேக் போட்டு, ரம்பத்தைத் தொங்கவிட வேண்டும்.

மழை நனைத்த மரத்திலும் காற்று வீசும்போதும் ஏற வேண்டாம். மின்கம்பி அருகில் இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே ஏற வேண்டும். கீழே ஓர் ஆள் கட்டாயம் இருக்க வேண்டும். அவர் கிளை விழும் இடத்தில் நிற்கக் கூடாது. மேலே இருப்பவரைக் கயிற்றில் இறக்கவும் தெரிந்திருக்க வேண்டும். வெட்டு விழுந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தபடி 108-ஐ அழைக்க வேண்டும். மலைப்பாதையில் வண்டி வந்து சேரும் நேரத்தையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையிலானவர்கள், வருடம் 20 ரூபாயில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா விபத்துக் காப்பீட்டில் சேரலாம். விபத்தில் இறப்பு, முழு ஊனம் என்றால் 2 லட்சம் ரூபாய். ஒரு கையோ காலோ முழுதாகப் பறிபோனால் 1 லட்சம் ரூபாய். மகன் மரம் ஏறுவதற்கு முன்பே இதில் சேர்த்துவிடுவது நல்லது.

மகனுக்கு இந்த வருடம் மெஷின் வேண்டாம். பெல்ட், கயிறு, கை ரம்பம் ஆகியவற்றோடு ஒரு பருவம் பழகட்டும். தடித்த கிளைகளுக்கு மட்டும், பழகிய ஆளைக் கூலிக்கு அழைக்கலாம். அடுத்த வருடம் ரம்பத்தை முதலில் தரைமட்டத்தில், தாழ்ந்த கிளையில் பழகியவர் பக்கத்தில் நிற்கப் பயின்ற பிறகு மேலே கொண்டுபோகலாம். ஏற முடியாது என்று சொன்ன மரமேறி அண்ணன் ஏற வேண்டியதில்லை. எந்தக் கவட்டை தாங்கும், எந்தக் கிளை முறியும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு நாள் கூலி கொடுத்து, கீழே நின்று சொல்லித்தரக் கூப்பிட்டால் வருவார்.