கையெழுத்து இல்லாத கடிதம்

காற்று வாங்கத்தான் என்னை இங்கே கூட்டி வந்திருக்கிறார்களாம். டயாலிசிஸ் வார்டு வாசலில் மயங்கி விழுந்தவளை அக்கா தரங்கம்பாடிக்கு இழுத்து வந்துவிட்டாள். "கொஞ்ச நாள் எதையும் நினைக்காம இருடி" என்கிறாள். எப்படி இருப்பது? இன்று புதன்கிழமை. இந்நேரம் என் வீட்டுக்காரர் கையில் ஊசி இரண்டும் ஏறியிருக்கும். திங்கள், புதன், வெள்ளி, நாலு நாலு மணி நேரம். பாதியில் பி.பி. இறங்கிக் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். கொழுந்தனார் கூட இருக்கிறார். ஆனால் அழுத்திவிடும் பக்குவம் அவருக்குத் தெரியாது.

1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குக் கண்ணில் படுவது தண்ணீர் மட்டும். வீட்டில் அவர் ஒரு நாளைக்கான தண்ணீரைப் பாட்டிலில் அளந்து வைத்து, மாத்திரைக்கு இவ்வளவு, ரசத்துக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வருவார். வெயிலில் அலைந்து வந்தாலும் ஒரு சொம்பை அண்ணாந்து குடிக்கக் கூடாது.

நோயைத் தலையெழுத்து என்று விட்டுவிடுவேன். இன்சூரன்ஸ் கம்பெனி செய்ததும் தலையெழுத்தா?

மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்த வருஷம் எடுத்த பாலிசி. அவள் இப்போது பிளஸ் டூ. வளையலை அடகு வைத்தாவது பிரீமியம் கட்டியிருக்கிறோம், ஒரு வருஷம் தவறியதில்லை. க்ளெய்ம் போட்டதும் கடிதம் வருகிறது: பாலிசிக்கு முன்பே இருந்த ரத்தக் கொதிப்பை மறைத்துவிட்டோமாம். ஆதாரம்? அட்மிஷன் ராத்திரியில் டூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டில் கிறுக்கிய ஒரே வரி: பி.பி., பதினைந்து வருஷமாக. மூச்சுக்குத் திணறுகிறவர் வருஷத்தை எண்ணிப் பார்த்தா பதில் சொல்வார்? பாலிசிக்கு முன்னால் அவர் பி.பி.க்கு மாத்திரை வாங்கிய சீட்டு ஒன்று, ஒன்றே ஒன்று, காட்டுங்கள்.

2024-ல் வந்த விதியை மகள்தான் தேடிப் படித்துக் காட்டினாள். ஐந்து வருஷம் தொடர்ந்து கட்டிய பாலிசியில், மோசடி என்று நிரூபிக்காமல், மறைத்தார் என்று சொல்லிக் க்ளெய்மை மறுக்கக் கூடாது. அதற்கு முன்னால் எட்டு வருஷம் என்று இருந்ததாம். நாங்கள் அதையும் எப்போதோ தாண்டிவிட்டோம். அப்படியென்றால் என் வீட்டுக்காரர் மோசடிக்காரரா? அதை நேராகச் சொல்லும் தைரியமாவது இருக்கிறதா?

முதலமைச்சர் காப்பீட்டுக்குப் போனால் வருஷ வருமானம் 1,20,000-ஐத் தாண்டக் கூடாது. அங்கே நாங்கள் பணக்காரர்கள்! என் சிறுநீரகம் அவருக்குப் பொருந்துகிறது. 1994 சட்டப்படி மனைவி நெருங்கிய உறவு, கொடுக்கலாம். என் உடம்பிலிருந்து எடுத்துத் தர நான் தயார். ஆபரேஷன் செலவை எதிலிருந்து எடுத்துத் தருவது?

சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், கட்டணம் கிடையாது என்கிறார்கள். போகத்தான் போகிறேன். அதற்கு முன் கம்பெனிக்கே எழுதிப் போட்டு, பதில் வராவிட்டால் 30 நாள் காத்திருக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை டயாலிசிஸைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா?

கடிதத்தின் அடியில் அச்சடித்திருக்கிறார்கள்: கம்ப்யூட்டரில் தயாரானது, கையெழுத்து தேவையில்லை. எனக்குத் தேவை. அவர் பொய் சொன்னார் என்று முடிவு கட்டிய ஆள் யார்? பேரை எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.