மொட்டைமாடியில் இருபது மீட்டர் கம்பி

கையில் செல்பேசி இருக்கும்போது ஹாம் வானொலி எதற்கு? பணி ஓய்வுக்குப் பின் மீண்டும் கருவியின் முன் அமரும் எங்களிடம் வீட்டாரும் அண்டை வீட்டாரும் தவறாமல் கேட்கும் வினா இது. நாங்களும் தவறாமல் சுனாமியைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஹாம்களின் குழுவொன்று போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்தது. 1987க்குப் பின் அந்தமானிலிருந்து நிலையம் இயக்க முதன்முறையாகக் கிடைத்த அனுமதி அது. உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் அவர்களோடு ஒரு நொடியேனும் தொடர்புகொள்ள முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். 26ஆம் நாள் கடல் பொங்கிற்று. அதே கருவி, அதே கம்பி. தீவுக்கும் நிலப்பரப்புக்கும் இடையே உற்றாரின் நலம் கேட்கும் செய்திகளைச் சுமக்கத் தொடங்கின.

பெருமைக்குரிய செயல்தான். ஆயினும் நாங்கள் திரும்பி வந்தது அதற்காக அன்று. வீணை கற்பவரிடம் என்ன பயன் என்று கேட்டால் விரல்களுக்கு நல்ல பயிற்சி என்று அவர் விடையளிப்பதைப் போன்றதே எங்கள் சுனாமி விடையும். பொய்யில்லை, ஆனால் வீணையைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

செல்பேசியில் எண்ணை அழுத்தினால் அழைத்தவர் கிடைக்கிறார். வானொலியில் யார் கிடைப்பார் என்பது நம் கையில் இல்லை. பொது அழைப்பு விடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அலை 200 கிலோமீட்டருக்கு மேலேயுள்ள அயனி மண்டலம் வரை சென்று வளைந்து எங்கோ இறங்குகிறது. அது எங்கே இறங்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது சூரியன். சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகித் தேய்கின்றன. உச்ச ஆண்டுகளில் 28 மெகாஹெர்ட்சில் பத்து வாட் ஆற்றலைக் கொண்டே கண்டம் கடக்கலாம். தேய்ந்த ஆண்டுகளில் அதே அலைவரிசை திருவிழா முடிந்த தெருவாகக் கிடக்கும்.

அந்த உச்சங்கள் 1979, 1989, 2001, 2014, 2024 ஆகிய ஆண்டுகளில் நேர்ந்தன. எங்களுள் பலர் 1979ஐ ஒட்டி உரிமம் பெற்றவர்கள். பழைய வால்வுகளைக் கடைகடையாகத் தேடி வாங்கி, ஈயப்புகையில் கண் எரிய எங்கள் கருவியை நாங்களே பற்றவைத்தோம். பிறகு வேலை, மாற்றல், வாடகை வீடுகள், பிள்ளைகளின் படிப்பு. நடுவிலிருந்த மூன்று உச்சங்களும் எங்களுக்குத் தெரியாமலே வந்து போயின. 2024க்குத்தான் வந்து சேர்ந்தோம். அடுத்தது 2030களின் நடுவில் வரும். அப்போது என்ன வயதாகியிருக்கும் என்று கணக்குப் போடத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிடுகிறோம்.

திரும்பியபோது வியப்பளித்தது காதுதான். மோர்ஸை நாங்கள் புள்ளியும் கோடுமாகப் படிக்கவில்லை, தாளமாகக் கேட்டுப் பழகினோம். அண்டை வீட்டாரின் பெயர் மறந்துபோகிற வயதிலும் அந்தத் தாளம் மறக்கவில்லை. உரிமத்திற்கு மோர்ஸ் கட்டாயம் என்னும் விதியை 2003ஆம் ஆண்டு ஜெனீவா மாநாடு தளர்த்தியபோது, இத்துடன் அது ஒழிந்தது என்றார்கள். தேர்வு இல்லாத நாடுகளிலும் இன்று இளைஞர்கள் அதை விரும்பிக் கற்கிறார்கள். கட்டாயம் போனபின் காதல் வருவது மோர்ஸுக்கு மட்டும் நேர்வதில்லை, பள்ளிச் செய்யுள்களுக்கும் அப்படித்தான்.

புதிதாக வந்தவற்றுள் எங்களுக்கு உடன்பாடில்லாதது எஃப்டி8. நோபல் பரிசு பெற்ற வானியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃப்ராங்கும் 2017இல் உருவாக்கிய இம்முறையில், பதினைந்து நொடிக்கொரு முறை கணினிகள் தமக்குள் அழைப்புக்குறிகளைப் பரிமாறிக்கொள்கின்றன. இரைச்சலுக்கு அடியில் புதைந்து காதுக்கே எட்டாத குறிகையையும் அது தோண்டி எடுத்துவிடும். அதன் அறிவியல் வணங்கத்தக்கது. ஆனால் எதிர்முனையில் இருந்தவருக்கு ஜலதோஷமா, அவர் ஊரில் மழையா என்பதை அது சொல்லாது. அவற்றைக் கேட்கத்தானே திரும்பி வந்தோம்?

ஆயினும் நண்பர்கள் அதை நாடுவதற்குக் காரணம் இருக்கிறது. இன்றைய அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்இடி விளக்கு, சார்ஜர், இன்வெர்ட்டர் ஒவ்வொன்றும் சிற்றலையில் இரைகிறது. அதற்கு மாற்று, ஆன்டெனாவை உயரத்தில், வீட்டை விட்டு விலக்கிக் கட்டுவது. 7 மெகாஹெர்ட்சுக்கு வேண்டியது இருபது மீட்டர் செம்புக் கம்பியும் அதைக் கட்ட இரண்டு முனைகளும் மட்டுமே. குடியிருப்போர் சங்கங்கள் இதற்குத்தான் மறுக்கின்றன. வாடகை வாங்கிக்கொண்டு செல்பேசிக் கோபுரத்திற்கு மாடியைக் கொடுப்பவர்கள், அரசு உரிமம் பெற்ற ஒரு முதியவரின் கம்பியைக் கண்டால் கதிர்வீச்சு என்று அஞ்சுகிறார்கள்! துணி உலர்த்தும் கொடியைவிட மெல்லிய கம்பி அது. சங்கக் கூட்டத்தில் உங்கள் குடியிருப்பில் யாரேனும் எழுந்து அனுமதி கேட்டால், கையுயர்த்துங்கள். வேறொன்றும் நாங்கள் கேட்கவில்லை.

கம்பி கட்டத் தை மாதம் உகந்தது. மழை ஓய்ந்திருக்கும், இடிமின்னலின் கரகரப்பும் குறைந்திருக்கும். இரவு உணவுக்குப் பின் 7 மெகாஹெர்ட்சில் கேட்டுக்கொண்டிருப்போம்.