லாரி ஓட்டுநருக்கும் வீடு உண்டு

"குண்டூர் மிளகாய் ஏற்ற வண்டி கிடைக்கவில்லை, வண்டி கிடைத்தால் ஓட்ட ஆள் இல்லை." பெண்ணாடம் கடைவீதியில் இரண்டு வணிகர்கள் சந்தித்தால் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. இக்காலத்துப் பையன்களுக்கு உழைக்க மனமில்லை என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு சரிதானா என்று வணிகப் பெருமக்கள் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரக்கு வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இலகு ரக உரிமம் பெற்று ஓராண்டு ஆகியிருக்க வேண்டும் என்கிறது சட்டம். உரிமம் எடுத்து, கிளீனராக இருந்து தொழில் பழகி, தனியாக ஒரு வண்டியைக் கையில் வாங்கும் வயதில்தான் கல்யாணமும் கைக்குழந்தையும் வருகின்றன. அப்போது அந்த இளைஞர் முன் இரண்டு வழிகள் நிற்கின்றன.

ஒன்று, உள்ளூர் வண்டி. வெள்ளாற்றுக்குத் தெற்கே அரியலூர் மாவட்டத்துச் சிமெண்ட் ஆலைகளுக்கு ஓட்டலாம். விருத்தாசலம், திட்டக்குடி கடைகளுக்குச் சரக்குப் போடலாம். இரவுச் சாப்பாடு வீட்டில். ஆனால் லோடு இல்லாத நாளில் கூலியும் இல்லை. மற்றொன்று, லைன் வண்டி. குண்டூர், நாசிக் என்று போனால் கையில் நாலு காசு சேரும். ஆனால் வீடு திரும்பும் நாளை அவரால் சொல்ல முடியாது.

இதில் எது நல்லது என்று நம்மிடமே வந்து கேட்கிறார்கள். நாம் சொல்வது இதுதான்: நடைக் கூலியைப் பார்க்காதே, அந்த நடைக்கு எத்தனை நாள் போகிறது என்று பார். காத்துக் கிடந்த நாட்களையும் சேர்த்து வகுத்தால், பெரிதாகத் தெரிந்த கூலி உள்ளூர்க் கூலியின் பக்கத்தில் வந்துவிடும். குழந்தை கைக்குழந்தையாக இருக்கும் வரை உள்ளூரில் ஓட்டு. லைனுக்குப் போவதானால், மாதத்தில் எத்தனை நாள் வீட்டில் இருக்கலாம் என்பதை வண்டி முதலாளியிடம் முதலிலேயே பேசிக்கொள்.

புத்தி சொல்வது எளிது. அந்தக் காத்துக் கிடக்கும் நாட்களை உண்டாக்குவது யார்?

நம் தவறு ஒன்றையே சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை நம் கிடங்குக்கு மிளகாய் லோடு வந்தது. சுமை தூக்குவோர் போய்விட்டார்கள். மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை பிற்பகல்தான் மூட்டை இறங்கியது. ஓட்டுநர் பக்கத்து ஊர்க்காரர். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்குக் காது குத்து. "சரக்கை விட்டுவிட்டு எங்கும் போகாதே" என்று சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விட்டோம். பொறுப்பான மனிதர், போகவில்லை. திங்களன்று வாடகையை எண்ணி வாங்கும்போது சொன்னார்: "குண்டூர்லேருந்து வர ஒன்றரை நாள்தான் ஆச்சு முதலாளி. உங்க வாசல்ல ரெண்டு நாள் ஆச்சு." இப்போது அவர் லைனுக்குப் போவதில்லை. சிறிய வண்டி ஒன்றில் காய்கறி ஏற்றுகிறார்.

முன்பெல்லாம் தாமதத்துக்குச் சோதனைச் சாவடியைக் காரணம் சொன்னோம். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபின் விற்பனை வரிச் சாவடிகள் எடுக்கப்பட்டுவிட்டன. மிஞ்சியிருக்கும் தாமதத்தில் பெரும்பகுதி ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும்தான்.

ஒரு பக்கம் காக்க வைக்கிறோம், மறுபக்கம் விரட்டுகிறோம். 2021 முதல் இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அவகாசம் உண்டு. குண்டூர் 600 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே 4 நாள் செல்லும். நாமோ, "நாளைக் காலை கடை திறக்குமுன் வந்துவிடு" என்று போன் செய்கிறோம். 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை என்று வரையறுத்தது. 8 மணி நேரம் ஓட்டிவிட்டு ஓய்வெடுத்த ஓட்டுநரை "மெத்தனக்காரன்" என்று திட்டாத வியாபாரி நம்மில் எத்தனை பேர்?

ஆகவே நம் சங்கத்தின் முன் சில யோசனைகளை வைக்கிறோம். பகல் 12 மணிக்குள் வந்த வண்டியை அன்றைக்கே இறக்கிவிட வேண்டும். முடியாவிட்டால் மறுநாள் முதல் காத்திருப்புக் கூலியை ஓட்டுநர் கையிலேயே கொடுக்க வேண்டும். மூட்டை குறைந்தால் பில்லோடு ஒப்பிட்டு, எடை பார்த்து முடிக்கும் வரை அவர் பேட்டாவில் கை வைக்கக் கூடாது. கிடங்குதோறும் குளிக்கத் தண்ணீரும், கழிப்பறையும், படுக்க ஒரு திண்ணையும் வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயம் என்று அரசு விதித்துவிட்டது. வண்டியைவிட்டு இறங்கினால் நிற்க நிழல் தருவது நம் பொறுப்பு அல்லவா?

இதற்கெல்லாம் செலவாகாதா என்று சிலர் கேட்கலாம். ஆகும். ஆனால் வண்டி வராமல் மிளகாய் மூட்டை குண்டூரிலேயே கிடந்தால் ஆகும் நட்டம் அதைவிடப் பெரிது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. நம் கடைகளின் அச்சாணி அந்த இளைஞர்கள். அவர்கள் வீட்டையும் பிழைப்பையும் ஒருசேர வைத்துக்கொள்ள வழி செய்வோம். அதை முதலில் நம் கிடங்கு வாசலிலிருந்தே தொடங்குவோம்.