பெட்டி காட்டும் கணக்கு

நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் இப்போது பல வீடுகளுக்கு வந்துவிட்டது. சில வீடுகளில் அதன் மேல் ஈரத்துணி காய்கிறது என்பது வேறு விஷயம்! எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. கைப்பிடிக்கு நடுவே சின்னப் பெட்டி. அதில் நேரம், வேகம், தூரம், கலோரி, பல்ஸ் என்று வரிசையாக எண்கள் ஓடும். அந்த எண்களை நம்பி நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன், கேளுங்கள் சகோதரிகளே.

போன மாதம் என் பெரிய நாத்தனார் வந்திருந்தார். வயது 56. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். "நானும் கொஞ்சம் மிதிச்சுப் பார்க்கிறேனே" என்று ஏறினார். நானும் பெரிய வாத்தியார் மாதிரி, "அண்ணி, பல்ஸ் 115 வரணும், அதுதான் கணக்கு" என்று சொல்லிவிட்டு, குக்கர் விசில் அடிக்கிறதே என்று சமையலறைக்கு ஓடினேன்.

திரும்பி வந்தால்... முகமெல்லாம் வியர்வை. மூச்சு இரைக்கிறது. பெட்டியிலோ 94! "இன்னும்... ஏறலையேம்மா..." என்று மேலும் வேகமாக மிதிக்கிறார். "போதும் அண்ணி, இறங்குங்க!" என்று கத்தினேன். சட்டென்று நிறுத்தி இறங்கியவர் தலைசுற்றி என் தோளில் சாய்ந்துவிட்டார். எனக்கு அடிவயிறு கலங்கிப் போயிற்று.

உடனே டாக்டரிடம் அழைத்துப் போனோம். நல்லவேளை, பயப்படும்படி ஒன்றுமில்லை. மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்த டாக்டர், "இது அட்டினோலால். பீட்டா பிளாக்கர் வகை. இதயம் ரொம்ப வேகமாத் துடிக்காமப் பிடிச்சு வைக்கிறதே இதோட வேலை. உடம்பு களைச்சுப் போனாலும் நம்பர் ஏறாது. அதுக்காக நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க!" என்றார்.

அந்த 115 எங்கிருந்து வந்தது? 220-லிருந்து வயதைக் கழித்தால் இதயம் துடிக்கக்கூடிய உச்ச வேகம் என்பார்கள். 56 வயதுக்கு 164. அதில் 50 முதல் 70 சதவீதம், அதாவது 82 முதல் 115 வரை, மிதமான பயிற்சி. நான் அதன் மேல் எல்லையையே இலக்காகச் சொல்லியிருக்கிறேன்! போதாக்குறைக்கு, இது வெறும் சராசரிக் கணக்கு. ஒரே வயதுள்ள ஆரோக்கியமான இரண்டு பேருக்கே பத்து, இருபது துடிப்பு வித்தியாசப்படலாம். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கோ இந்தக் கணக்கே பொருந்தாது.

அப்படியானால் பெட்டியில் எதை நம்புவது?

நேரத்தை நம்பலாம். ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் ஆர்.பி.எம். எண்ணும் உபயோகமானதுதான். புதிதாக ஆரம்பிப்பவர்கள் இறுக்கும் திருகைத் தளர்வாக வைத்து, 50, 60 சுற்று மிதித்தால் போதும். கலோரி வெறும் உத்தேசம். உங்கள் எடையையே கேட்காத பெட்டிக்கு நீங்கள் எரித்த கலோரி எப்படித் தெரியும்? அதை நம்பி இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டுவிடாதீர்கள்!

பல்ஸ் எண், கைப்பிடியிலுள்ள உலோகத் தகடுகள் வழியாக வருகிறது. இதயத்தின் மெல்லிய மின்துடிப்பை அவை உள்ளங்கையில் பிடிக்கின்றன. கை காய்ந்திருந்தாலோ, பிடி நழுவினாலோ, உடம்பு ஆடினாலோ தப்பாகக் காட்டும். கையை லேசாக ஈரமாக்கி, இரண்டு தகடுகளையும் பதமாகப் பிடித்து, சில விநாடி அசையாமல் இருந்து பாருங்கள். மார்பில் கட்டும் பட்டை இதைவிடச் சரியாகக் காட்டும்.

சந்தேகம் வந்தால் நம் விரல் இருக்கவே இருக்கிறது. மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து, 15 விநாடி துடிப்பை எண்ணி நான்கால் பெருக்குங்கள். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது. அதற்கே ஒரு துடிப்பு உண்டு.

எல்லாவற்றையும்விட சுலபமான அளவு பேச்சுதான். மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான பயிற்சி. இரண்டு வார்த்தைக்கே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக மிதியுங்கள். சட்டென்று நிறுத்தினால் ரத்தம் காலிலேயே தேங்கித் தலைசுற்றும். என் நாத்தனாருக்கு நேர்ந்ததில் இதற்கும் பங்குண்டு.

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தும் செய்யலாம். பிள்ளை பெற்ற இளம் தாய்மார்கள், முக்கியமாக சிசேரியன் ஆனவர்கள், டாக்டர் சம்மதித்த பிறகே ஏறுங்கள். மிதிக்கும்போது தவழும் குழந்தையை அருகில் விடாதீர்கள்; பெடலில் பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும். நெஞ்சில் வலியோ, அழுத்தமோ, மயக்கமோ தோன்றினால் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவ உதவி தேடுங்கள். நம்பர் என்ன காட்டினாலும் சரி!

என் நாத்தனார் இப்போது டாக்டர் சொன்னபடி தினமும் 15 நிமிடம் மிதிக்கிறார். பெட்டியின் மேல் ஒரு கைக்குட்டை போட்டு மூடியாயிற்று. மிதித்துக்கொண்டே எனக்கு ஊர்க்கதை சொல்லுவார். கதை நடுவில் நின்றால், நான் போய்த் திருகைத் தளர்த்திவிடுவேன்!